பொகானொவோவின் இருபக்க ஐகான்: காலமும் பயனும் தேடப்பட்ட விதம்

## எந்த நிகழ்வு

செர்பியாவின் தென்கிழக்கு மூலையில், பல்கேரிய எல்லையை ஒட்டி யெர்மா என்ற ஆறு ஒடுங்கிய மலை இடுக்கில் ஓடுகிறது. அங்கே நற்செய்தியாளர் புனித யோவான் பெயரில் பொகானொவோ மடாலயம் இருக்கிறது. முன்னும் பின்னும் வரையப்பட்ட ஒரு மரப்பலகை ஐகான் (வழிபாட்டுக்கான புனித ஓவியம்) இந்த மடாலயத்திலிருந்து கிடைத்தது. இப்போது அது பல்கேரியத் தலைநகர் சோஃபியாவில் உள்ளது. யார், எப்போது, எதற்காக இதைச் செய்ய வைத்தார்கள் என்ற விவாதம் 1959 முதல் நடக்கிறது.

விவாதத்தில் பங்கெடுத்தவர்களின் பெயரை இங்கே தரவில்லை. கையில் இருந்த சான்றிலிருந்து என்ன முடிவுக்கு வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்பதுதான் நமக்கு வேண்டியது. ஐகான் காட்டும் வரலாற்று மனிதர்களின் பெயர்கள் மட்டும் வரும்.

## பின்னணி

பைசாந்திய (கிழக்கு ரோமப் பேரரசு) மடாலயங்களில் இருபக்க ஐகான் அரிய பொருள் அல்ல. சுவரில் சாத்தி வைக்கும் படத்துக்குப் பின்பக்கம் தேவையில்லை. இரண்டு பக்கமும் வரைந்திருந்தால், இரண்டு பக்கத்திலிருந்தும் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் பவனிதான் காரணம். ஐகானைத் தூக்கிப் போகும்போது முன்னால் போகிறவர்கள் ஒரு பக்கத்தையும், பின்னால் வருகிறவர்கள் மறுபக்கத்தையும் பார்ப்பார்கள். இத்தகைய பலகைகள் பலவற்றின் கீழ் விளிம்பில் கம்பு பொருத்திய அடையாளம் உண்டு.

இந்த வழக்கத்துக்குப் பேர்போனது பேரரசின் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) ஹொடெகன் மடாலயத்தில் இருந்த மாதா ஐகான். லூக்கா நற்செய்தியாளரே வரைந்தது என்று மக்கள் நம்பிய அந்த ஐகான் செவ்வாய்க்கிழமைதோறும் வெளியே வரும். 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வந்த ரஷ்ய, ஸ்பானியப் பயணிகள் அதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்கள். பேரரசர் இரண்டாம் யோவான் கொம்னெனஸ் 1136இல் பந்தோக்ரதோர் மடாலயத்துக்கு எழுதித் தந்த ஒழுங்குமுறையில், தன் குடும்பத்தாரின் நினைவு நாள்களில் இந்த ஐகானை அங்கே கொண்டுவர வேண்டும் என்றே குறித்திருக்கிறார். ஆக, பவனிக்கும் இறந்தோர் நினைவுக்கும் ஒரே ஐகான் பயன்பட்டிருக்கிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கிரேக்கத்தில் கஸ்தோரியா நகரில் இன்னொன்று இருக்கிறது, 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. ஒரு பக்கம் குழந்தை இயேசுவை ஏந்திய மாதா, நெற்றி சுருங்கி, வரப்போவதை அறிந்தவள் போலப் பார்க்கிறாள். மறுபக்கம் அவள் மகன், கண் மூடித் தலை சாய்ந்து இறந்த நிலையில். பெரிய வெள்ளி வழிபாட்டோடு ஆய்வாளர்கள் இதைச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஒரு பக்கத்தின் துயரத்துக்கு மறுபக்கம்தான் காரணம் சொல்கிறது. இரு பக்கங்களையும் சேர்த்துப் படித்தால்தான் பொருள் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இரு பக்கமும் எப்போதும் ஒரே காலத்தவை என்று நம்பிவிடக் கூடாது. மாஸ்கோவில் உள்ள விளாதிமிர் மாதா ஐகானின் முன்பக்கம் 12ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிளில் வரையப்பட்டது. பின்பக்கத்தில் உள்ள சிம்மாசனமும் கிறிஸ்துவின் சிலுவைப் பாடுகளின் கருவிகளும் 15ஆம் நூற்றாண்டில் சேர்ந்தவை. ஒரு பலகைக்கு ஒரு தேதி எழுதும் பழக்கம் இப்படிப்பட்ட இடங்களில் தவறான தகவலைத் தந்துவிடும்.

## பலகையில் தெரிவது

பொகானொவோ ஐகான் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த உயரம். ஒருவரோ இருவரோ தூக்கிச் செல்லக்கூடிய அளவு.

ஒரு பக்கத்தில் இருவர் நிற்கிறார்கள். இடப்புறம் கருநீல ஆடையில் மாதா, துயரத்தோடு. வலப்புறம் முதிய யோவான், கையில் நற்செய்தி நூல். மாதாவின் பக்கத்தில் கிரேக்கத்தில் 'கதஃபிகி' என்று எழுதியிருக்கிறது. நம் வழக்கில் சொன்னால் அடைக்கல மாதா. சிலுவைக் காட்சியில் இந்த இருவரும் சிலுவையின் இரு புறமும் நிற்பது வழக்கம். இங்கே நடுவில் சிலுவை இல்லை. அதோடு, சிலுவையடியில் இளைஞனாகவே வரையப்படும் யோவான் இங்கே நரைத்த கிழவராக, நூல் எழுதியவராக நிற்கிறார்.

மறுபக்கம் முற்றிலும் வேறு. தாடி இல்லாத இளம் கிறிஸ்து ஒளிவட்டத்துக்குள் வானவில்லின் மேல் அமர்ந்திருக்கிறார். ஒளிவட்டத்தின் ஓரங்களிலிருந்து நான்கு உயிரினங்கள் வெளிப்படுகின்றன. கீழே மீன்கள் உள்ள நீர். ஒரு புறம் எசேக்கியேல் இறைவாக்கினர், மறுபுறம் ஆபகூக். கிறிஸ்துவைத் தாடியில்லாத வாலிபராக வரைவது 14ஆம் நூற்றாண்டு ஓவியருக்கு அவ்வளவாகப் பழக்கம் இல்லை. மிகப் பழைய ஏதோ ஒரு மூலத்தைப் பார்த்துத்தான் இப்படி வரைந்திருக்க முடியும். அந்த மூலம் எது என்பதையும் ஐகானே எழுத்தில் சொல்லிவிடுகிறது: 'லதோமுவில் நடந்த அற்புதம்'.

இவை தவிர, சிதைந்த ஒரு கொடையாளர் வரி இருந்தது. 'ஹெலெனா' என்ற பெயரும் 'பசிலிசா' (அரசி) என்ற பட்டமும் அதில் படிக்கப்பட்டன. அப்புறம் வந்த வாதங்கள் எல்லாம் இந்த இரண்டு சொற்களைச் சுற்றித்தான்.

## லதோமு: மறைந்த மூலம் வெளிப்பட்டது

கிரேக்கத்தின் தெசலோனிக்கி நகரின் மேட்டுப் பகுதியில் இருந்த ஒரு சிறிய மசூதியில் 1921இல் சுவர்ப்பூச்சு அகன்றபோது உள்ளே ஒரு பழைய மொசைக் (வண்ணச் சில்லுகள் பதித்த சுவரோவியம்) தெரிந்தது. வானவில்லின் மேல் தாடியில்லாத கிறிஸ்து, நான்கு உயிரினங்கள், கீழே ஆறு, இரு ஓரங்களில் இரு இறைவாக்கினர்கள். மசூதியாவதற்கு முன் அது மடாலயக் கோயில். இன்று ஹோசியோஸ் டேவிட் என்று அழைக்கப்படுகிறது. மொசைக் 5ஆம் நூற்றாண்டின் இறுதி அல்லது 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

இதுவே பழைய ஏடுகள் சொல்லும் லதோமு மடாலயம் என்று அடையாளம் காண உதவியது இக்னாத்தியோஸ் என்ற துறவி எழுதிய கதை. கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய ஓர் அரசனின் மகள் தெயோதோரா, இரகசியமாகக் கிறிஸ்தவளானவள். தன் சிறு வழிபாட்டிடத்தில் மாதாவின் படத்தை அமைக்கச் சொல்கிறாள். வேலை முடியும் தறுவாயில், ஒரு நாள் காலையில் ஓவியர் வந்து பார்த்தால் மாதா இருந்த இடத்தில் கிறிஸ்து இருக்கிறார். ஓவியரின் கை அதைத் தொடவே இல்லை. ஆபத்து நெருங்கவே, தெயோதோரா அதன்மேல் மாட்டுத்தோலைப் போர்த்திச் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மூடுகிறாள். பல நூற்றாண்டு கழித்து, பேரரசர் ஐந்தாம் லியோவின் ஆட்சியில் (813–820), எகிப்திலிருந்து செனூஃபியோஸ் என்ற துறவி வருகிறார். கடைசி நாளில் கிறிஸ்து எந்த உருவில் வருவாரோ அந்த உருவைக் காண வேண்டும் என்பது அவருடைய வேண்டுதல். அவர் தனியாக இருக்கும்போது பூச்சு உதிர்ந்து விழுகிறது. பார்த்த மகிழ்ச்சியோடு உயிர் விடுகிறார்.

ஐகானின் மறுபக்கம் இந்த மொசைக்கின் நகல்தான், சிறு மாற்றங்களோடு. சரி, மூலம் கிடைத்துவிட்டது. இதை வைத்து என்ன முடிவுக்கு வந்தார்கள்?

## 1959: முதல் முடிவும் அதன் காரணங்களும்

1959இல் பாரிஸிலிருந்து வெளிவரும் தொல்லியல் ஆய்விதழ் ஒன்றில் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று சோஃபியா ஆய்வாளருடையது, ஐகானை முறையாக அறிமுகப்படுத்தியது. மற்றது பைசாந்தியக் கலையில் அன்றைக்குத் தலைசிறந்தவர்களில் ஒருவராகக் கருதப்பட்ட ஆய்வாளருடையது. ஹெலெனா என்பவர் பேரரசர் இரண்டாம் மனுவேல் பலயோலோகஸின் மனைவி ஹெலெனா திராகாஷ் என்று அவர் முடிவு செய்தார்.

காரணங்கள் வலுவாகவே தெரிந்தன. ஹெலெனாவின் தந்தை கான்ஸ்டான்டின் திராகாஷ், செர்பியப் பிரபு. 1395 மே மாதம் ரொவினே போரில் இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில், பேரரசரும் ஹெலெனாவும் அவர் ஆன்மாவுக்காகக் கான்ஸ்டான்டிநோபிளின் பெத்ரா மடாலயத்தில் நினைவு வழிபாட்டுக்குக் கொடை எழுதி வைத்தார்கள். பொகானொவோ கோயிலின் முகப்பில் கான்ஸ்டான்டின், ஹெலெனா என்ற பெயர்கள் உள்ளன. மடாலயம் யோவான் பெயரிலானது, ஐகானிலும் யோவான் இருக்கிறார். எல்லாவற்றையும் சேர்த்தால், தந்தை நிறுவிய மடாலயத்துக்கு மகள் அவர் நினைவாக அனுப்பிய ஐகான் என்றாகிறது. காலம் 1395 அல்லது அதற்குச் சற்றுப் பின்.

இந்த முடிவு தேதியையும் பயனையும் ஒரே வீச்சில் தந்துவிட்டது. அதனாலேயே அது பல ஆண்டுகள் நிலைத்தது. ஆனால் கொஞ்சம் கவனித்தால், தேதியும் பயனும் பலகையிலிருந்து வரவில்லை, ஹெலெனா என்ற பெயரிலிருந்து வந்தவை என்பது தெரியும். கான்ஸ்டான்டினும் ஹெலெனாவும் சிலுவையைக் கண்டெடுத்த புனிதத் தாய்–மகன் பெயர்கள். கிழக்குத் திருச்சபை முழுவதும் பிள்ளைகளுக்கு இட்டு வந்த பெயர்கள். அந்த இரண்டு பெயர்கள் ஒரு முகப்பில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு குடும்பத்தை அடையாளம் காண்பது, என் பார்வையில், மெல்லிய நூலில் தொங்குகிற வாதம்.

## மாற்று முடிவுகள்

1962இல் கிரேக்க ஆய்வாளர் ஒருவர் அதே இதழில் பதில் எழுதினார். அவர் பார்வை தெசலோனிக்கி பக்கம் திரும்பியது. லதோமு அந்த ஊர் அற்புதம், அந்த ஊர் பக்தி. இந்த ஐகானைப் புரிந்துகொள்ள முதலில் அந்த ஊருக்குப் போக வேண்டும் என்ற திருப்பம் பின்னால் வந்தவர்களுக்கு உதவியது.

பெரிய மாற்றம் 1987இல் வந்தது. பெல்கிரேடு ஆய்வாளர் ஒருவர் பட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பேரரசரின் மனைவிக்கு உரிய முறையான பட்டம் 'அவுகுஸ்தா', 'அவ்தொக்ரதோரிசா'. 'பசிலிசா' என்பது அந்தக் காலத்தில் தெஸ்போத் என்ற, பேரரசருக்கு அடுத்த உயர் பதவியில் இருந்தவரின் மனைவிக்கு வழங்கியது. அப்படியானால் இன்னொரு ஹெலெனா முன்னுக்கு வருகிறார். செரெஸ் நகரை ஆண்ட தெஸ்போத் உக்லேஷாவின் மனைவி யெலேனா. கணவர் 1371 செப்டம்பரில் மாரித்சா போரில் ஒட்டோமான் படையிடம் இறந்தார். ஒரே மகன் சிறு குழந்தையாகவே இறந்து, தாத்தாவின் கல்லறையில், கிரேக்கத்தில் துறவிகள் வாழும் அதோஸ் மலையின் ஹிலாந்தர் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டான். அந்தக் குழந்தைக்காக அவர் எழுதிய புலம்பல் ஒரு சிறு ஐகானின் பின்புறத்தில் பொறிக்கப்பட்டு இன்றும் இருக்கிறது. பின்னால் யெஃபிமியா என்ற பெயரில் துறவியாகி, ஹிலாந்தருக்குத் திரைச்சீலையும் செர்பிய இளவரசர் லாசரின் உடலுக்குப் போர்வையும் பூவேலை செய்து தந்தவர் இவர்தான். செரெஸ் தெசலோனிக்கிக்குப் பக்கம். லதோமு மொசைக்கைப் பார்க்கும் வாய்ப்பும் இருந்தது. இந்த முடிவை ஏற்றால் காலம் 1371ஐ ஒட்டி நகர்கிறது.

வாதம் நன்றாக இருக்கிறது. ஆனால் 'பசிலிசா' என்று பேரரசியையும் பொதுவாக அழைத்ததுண்டு. அப்புறம், யெலேனாவின் ஐகான் பொகானொவோவுக்கு எப்படி வந்தது, அதில் யோவான் ஏன் என்று கேட்டால் முதல் முடிவைப் போல எளிதான பதில் இல்லை.

இரண்டு தரப்பிலும் துயரம் சான்றாகப் பயன்பட்டிருக்கிறது. மாதாவின் முகத்தில் உள்ள வருத்தம் தந்தையை இழந்த மகளின் வருத்தம் என்கிறது ஒரு தரப்பு, பிள்ளையை இழந்த தாயின் வருத்தம் என்கிறது மற்றது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் பால்கன் பகுதியில் தந்தையையோ கணவரையோ மகனையோ பறிகொடுக்காத பிரபுக் குடும்பத்துப் பெண்ணைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். இருவருக்கும் சமமாகப் பொருந்துகிற ஒன்று இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க உதவாது.

## எதற்காகச் செய்தார்கள்: இரு பக்கங்களும் சேர்ந்து சொல்வது

2000இல் அமெரிக்காவில் வெளியான நீண்ட கட்டுரை ஒன்று விவாதத்தை வேறு திசைக்குக் கொண்டுபோனது. யார் என்ற கேள்வியை மட்டும் பிடித்துத் தொங்காமல், இரு பக்கங்களையும் ஒரே திட்டமாகப் படித்தது அந்தக் கட்டுரை. காட்சி காண்பதும் பரிந்து பேசுவதும் அதன் மையம். எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது. அங்கிருந்து சில அடி நானும் போய்ப் பார்க்கிறேன்.

லதோமுக் கதையில் நடந்த அற்புதம் என்ன? மாதாவின் உருவம் கிறிஸ்துவின் உருவமாக மாறியது. ஐகானில் ஒரு பக்கம் மாதா, மறுபக்கம் அதே கிறிஸ்து. பலகையைத் திருப்பினால் அந்த மாற்றம் பார்ப்பவர் கண்முன்னே நடக்கிறது. இந்தக் கதையைச் சொல்ல இருபக்கப் பலகையை விடப் பொருத்தமான வடிவம் இல்லை. ஒற்றைப் பக்க ஐகானில் மொசைக்கின் நகலைத் தரலாம், அற்புதத்தைத் தர முடியாது.

யோவானின் வயதுக்கும் இங்கே விளக்கம் இருக்கிறது. அவர் சிலுவையடியில் நின்ற சீடர் மட்டும் அல்ல, திருவெளிப்பாடு நூலின் ஆசிரியராகவும் திருச்சபை அவரை மதிக்கிறது. சிம்மாசனத்தையும் வானவில்லையும் நான்கு உயிர்களையும் கண்டதாக எழுதியவர். எசேக்கியேலும் அதே காட்சியைத் தன் காலத்தில் கண்டவர். ஆக, பலகையின் ஒரு பக்கத்தில் காட்சி கண்ட முதியவர், மறுபக்கத்தில் அவர் கண்ட காட்சி. மடாலயம் யோவான் பெயரில் இருந்ததால்தான் அவர் வந்தார் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இதனால் தளர்கிறது.

இறந்தோர் நினைவுக்கான ஐகான் என்ற கருத்தை நான் தள்ளிவிடவில்லை. செனூஃபியோஸ் பார்க்க விரும்பியது கடைசி நாளில் வரும் கிறிஸ்துவை. அடைக்கலம் தரும் மாதா ஒரு பக்கம், தீர்ப்பளிக்க வருபவர் மறுபக்கம் என்றால், இறந்தவருக்காகச் செபிக்கும் சபைக்கு அதைவிட ஏற்றது எது? பல்கேரியாவின் பச்கோவோ மடாலயத்தில், இறந்த துறவிகளின் எலும்புகளைக் காக்கும் கோயிலிலும் லதோமுக் காட்சியை ஒத்த ஓவியம் இருக்கிறது. இந்தச் சான்று எந்த ஹெலெனாவையும் சார்ந்து நிற்கவில்லை. பயனைப் பற்றிய கேள்விக்குக் கொடையாளர் பெயர் இல்லாமலே கணிசமான தூரம் போக முடிகிறது.

## இன்றைய நிலை

கொடையாளர் யார் என்பதில் ஒருமித்த முடிவு இல்லை. 14ஆம் நூற்றாண்டின் கடைசி மூன்றில் ஒரு பங்கு என்பதில் பெரிய கருத்து வேறுபாடும் இல்லை. வரைந்த இடம் கான்ஸ்டான்டிநோபிளா தெசலோனிக்கியா என்பதில் இரு கருத்துகள். மனுவேலும் ஹெலெனாவும் மணந்தது 1392இல். தெசலோனிக்கி 1387இலேயே ஒட்டோமான் கையில் விழுந்து, 1403 வரை அவர்களிடம் இருந்தது. பேரரசிக்காகச் செய்யப்பட்டதென்றால், வேறு நகரில் ஏதாவது வரைபடத்தையோ முன் நகலையோ பார்த்துச் செய்திருக்கவும் கூடும்.

1371க்கும் 1395க்கும் இடையே 24 ஆண்டுகள். ஓவியப் பாணியை வைத்து இவ்வளவு சிறிய இடைவெளியைப் பிரிக்க முடியாது, ஓர் ஓவியர் இரு தேதிகளிலும் உயிரோடு வேலை செய்திருக்கலாம். கார்பன் சோதனையும் இங்கே கைகொடுக்காது. 14ஆம் நூற்றாண்டுக்கு அது தரும் விடை பல பத்தாண்டுகள் அகலமானது. அதுவும் மரம் வளர்ந்த காலத்தைத்தான் சொல்லும், வண்ணம் தீட்டிய நாளை அல்ல.

## மாற்ற வேண்டியவை

முதலாவதாக, கேள்விகளின் வரிசை. இந்த நிகழ்வில் பெயர் முதலில் வந்தது, பெயரிலிருந்து தேதி, தேதியிலிருந்து பயன். இதைத் தலைகீழாக்க வேண்டும். பலகையின் விளிம்பு, கம்பு பொருத்திய தடம், தேய்மானம், மெழுகுவர்த்திப் புகைக்கறையும் பக்தர்கள் முத்தமிட்ட தடமும் எந்தப் பக்கத்தில் அதிகம் என்பதைப் பார்த்து எழுதிய பிறகே கொடையாளரிடம் போக வேண்டும். எந்தப் பக்கம் வெளியே அதிகம் காட்டப்பட்டது என்பதைத் தேய்மானமே காட்டிக்கொடுக்கும்.

சிதைந்த எழுத்தைக் கையாளும் முறையும் மாற வேண்டும். கண்ணுக்குத் தெரியும் எழுத்து, ஊகித்து நிரப்பிய எழுத்து, முன்னால் ஒருவர் பார்த்ததாகச் சொன்ன எழுத்து ஆகிய மூன்றையும் தனித்தனியாகக் குறிக்காமல் ஒரே வரியாக அச்சிட்டால், அடுத்த தலைமுறை முழு வரியையும் சான்றாக எடுத்துக்கொள்ளும். சுத்தம் செய்வதற்கு முன்னும் பின்னும் பல கோண ஒளியில் படம் எடுத்து வைத்தால், வாதம் செய்பவர் எல்லாருக்கும் ஒரே அடித்தளம் இருக்கும்.

அருங்காட்சியகப் பட்டியலில் இரு பக்கங்களுக்கும் தனித்தனித் தேதி வரி வேண்டும், இரண்டும் ஒரே காலமாக இருந்தாலும்கூட. அப்போதுதான் அது சோதித்துப் பெற்ற முடிவு என்று படிப்பவருக்குத் தெரியும். கொடையாளர் பகுதியில் 'பசிலிசா ஹெலெனா' என்று மட்டும் எழுதி, கீழே இரு கருத்துகளையும் அவற்றின் காரணங்களோடு தரலாம். ஐகானைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், சுற்றி வந்து பார்க்கும்படி நிறுத்துவதும் இதே பட்டியலில் சேர வேண்டும்.